மொட்டை யாருக்கு?

எங்கள் ஊர் திருத்தணி. மொட்டைக்குப் பேர்போன ஊர். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் சித்தூர் பக்கமிருந்தும் வேலூர் பக்கமிருந்தும் காவடிக் கூட்டம் மலையை மூடிவிடும். கல் உடைக்கிறவனும் கரும்பு வெட்டுகிறவனும் ஆறு மாசம் துட்டு சேர்த்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு 365 படியேறி, தலையை மழித்துச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்குகிறார்கள். வேண்டுதல். அதுவும் ஒரு கடன்தான். சாமிக்குப் பட்ட கடனைத் தீர்க்காவிட்டால் குடும்பம் விளங்காது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாமும் ஒரு மயிர் பாக்கி வைக்காமல் தீர்த்துவிடுகிறோம்.

நான் வங்கியில் கிளார்க். எங்கள் தொழிலிலும் ஒரு மொட்டை இருக்கிறது. 'ஹேர்கட்' என்று பெயர். கோடிக்கணக்கில் கடன் வாங்கின கம்பெனி திவால் என்று கையை விரித்ததும், கொடுத்த வங்கிகள் கூடி உட்கார்ந்து, நூறு ரூபாய்க்கு இருபதோ பத்தோ வந்தால் போதும், மீதியை விட்டுத் தொலைப்போம் என்று முடிவெடுக்கும். அந்த விட்டுத் தொலைக்கிற பகுதிக்குத்தான் ஹேர்கட் என்று பெயர். முடி போவது கம்பெனிக்காரனுக்கு அல்ல, வங்கிக்கு. அரசு வங்கி என்றால் யார்? நீங்களும் நானும்.

வீடியோகான் கதையைப் பாருங்கள். அந்தக் குழுமத்தின் மேல் ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கி 64,838 கோடி ரூபாய். அதை எடுத்துக்கொள்ள வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி தருவதாகச் சொன்னது 2,962 கோடி. (வேதாந்தா யார் என்று தூத்துக்குடியை மறக்காத தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூடத் தேறவில்லை. வங்கிகள் தலையாட்டின. சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிகளுக்கோ நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 2021 ஜூனில் இதற்கு அனுமதி கொடுத்த மும்பைத் தீர்ப்பாயமே, இது முடிவெட்டா முழு மொட்டையா என்று தன் உத்தரவில் எழுதிவிட்டது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானது என்பது வேறு விஷயம். தலையாட்டும்போது அந்த வங்கிகளுக்கு ஏன் கூசவில்லை என்பதுதான் என் கேள்வி.

வடநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் சிவா இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு கம்பெனி. ஏறத்தாழ 4,863 கோடி பாக்கி. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்றார்கள் கம்பெனியின் பழைய உரிமையாளர் தரப்பார். கடன் கொடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு ஓட்டு 'சரி' என்று விழுந்தது. சென்னைத் தீர்ப்பாயம் 2021-ல் இதை மறுத்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடன் கொடுத்தவர்களின் வணிக அறிவுக்குள் நீதிமன்றம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வணிக அறிவு! நல்ல வார்த்தை. இந்த வணிக அறிவு எங்கள் காலனிப் பக்கம் வரும்போது மட்டும் எங்கே ஒளிந்துகொள்கிறது?

*

என் ஆயா எருமைக் கடன் வாங்கினாள். 1980களில் ஊரக வளர்ச்சித் திட்டத்தில், ஐ.ஆர்.டி.பி. என்பார்கள், நம் ஆட்களுக்குப் பாதி மானியம் பாதி கடன் என்று மாடு கொடுத்தார்கள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அடையாளத்துக்குக் காதில் ஒரு வில்லை போடுவார்கள். எருமை ஒரு ஈற்றுகூட முழுசாகக் கறக்கவில்லை, வயிறு ஊதிச் செத்துப்போனது. எங்கள் ஊரில் செத்த மாட்டை என்ன செய்வார்கள், யார் எடுத்துப் போவார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். ஆயா வங்கிக்குப் போனாள்.

"எரும செத்துப்போச்சி சாமி, இன்ஷூரன்சு துட்டுல கடன கழிச்சிக்கோங்க"ன்னு கேட்டேன்டா. "காதுல போட்ட வில்ல எங்க?"ன்னான். "அது மேய போன எடத்துல எங்கியோ உழுந்துட்ச்சி"ன்னேன். "வில்ல இல்லன்னா எரும செத்ததுக்கு அத்தாட்சி இல்ல, போ"ன்னுட்டான். எரும செத்தது ஊருக்கே நாறுது, இவனுக்கு வில்ல வேணுமாம்.

சாகும்வரை ஆயா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிற கதை இல்லை அது. வசூலுக்கு வந்தவர்கள் பித்தளை அண்டாவையும் வாசல் கதவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கதவில்லாத வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், என் அம்மாவைப் பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்தாள். கரும்பு வெட்டப் போய்க் கடனைக் கட்டினாள். வட்டியோடு. 1990-ல் வி.பி. சிங் அரசு 10,000 ரூபாய் வரை விவசாய, கிராமக் கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது, ஆயாவிடம் தள்ளுபடி செய்ய ஒன்றும் மிச்சமில்லை. நேர்மையாகக் கட்டி முடித்திருந்தாள்.

வில்லை இல்லாத எருமைக்கு ஒரு சட்டம். விமானமே இல்லாமல் போன விமானக் கம்பெனிக்கு ஒரு சட்டம்.

*

இனி கணக்கைப் பேசுவோம். 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது ஆண்டுகளில் இந்திய வணிக வங்கிகள் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். இது நம் கற்பனை இல்லை, 2023 ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் கொடுத்த பதில். இதில் பெருந்தொழில், பெரும் சேவைக் கம்பெனிகளின் பங்கு மட்டும் 7.40 லட்சம் கோடி.

உடனே படித்த மேதாவிகள் கிளம்பிவிடுவார்கள். 'எழுதித் தள்ளுவது வேறு, தள்ளுபடி வேறு. உனக்குக் கணக்கு தெரியாது' என்பார்கள். தெரியும் ஐயா. அந்தக் கணக்கை எழுதுகிறவனே நான்தான். எழுதித் தள்ளினால் கடன் செத்துவிடுவதில்லை, வங்கியின் முதல் ஏட்டிலிருந்து பின்னால் உள்ள ஏட்டுக்குப் போகிறது, வசூல் முயற்சி தொடரலாம். ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொகையில் சிறு கடன்களும் கிடக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பதிலில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. எழுதித் தள்ளிய கடன்களிலிருந்து அந்த ஒன்பது ஆண்டுகளில் திரும்பி வந்தது 2.04 லட்சம் கோடி. ஏழில் ஒரு பங்கு. மீதி ஆறு பங்கு பின்னேட்டில் தூங்குகிறது. பெயரை மாற்றினால் பணம் வந்துவிடுமா? பட்டை நாமம் போட்டால் என்ன, பாத நாமம் போட்டால் என்ன, நெற்றி நம்முடையது.

வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை, நடத்துகிற விதத்தில் இருக்கிறது. 2016 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் தேதி விஜய் மல்லையா டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். வங்கிகளுக்கு வைத்த பாக்கி ஏறத்தாழ 9,000 கோடி. நாடாளுமன்ற மேலவை உறுப்பினர், மரியாதையாகப் போனார். அதே மார்ச் முதல் வாரத்தில் தஞ்சை மாவட்டம் சோழகன்குடிக்காட்டில் ஒரு விவசாயியை டிராக்டரிலிருந்து இழுத்துப் போட்டுப் போலீஸ்காரர்கள் அடித்தார்கள். டிராக்டர் கடனில் தவணை பாக்கி. அடிக்கிற காட்சியை நாடே படமாகப் பார்த்தது. தனியார் வங்கிக் கடனுக்கு அரசாங்கப் போலீஸ் லத்தி. அந்த ஆண்டு ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, கல்விக்கடன் வசூல்காரர்களின் தொல்லை தாளாமல் செத்துப்போனார். கல்விக்கடன் கட்டாத பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் பேனர் கட்டிய வங்கிக் கிளைகளும் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தன.

பெரிய கடன்காரர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால்? ரகசியம், நம்பிக்கை, பொருளாதார நலன் என்று ரிசர்வ் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2015 டிசம்பரில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்து, தகவலைக் கொடு என்று சொன்னது. மாணவன் முகம் முச்சந்தியில், முதலாளி பெயர் இரும்புப் பெட்டியில்!

2023 ஜூன் 8-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வேண்டுமென்றே ஏமாற்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் மோசடிக் கணக்குக்காரர்களோடும்கூட வங்கிகள் சமரசம் பேசிக்கொள்ளலாம். குற்ற வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும். வங்கி ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் எதிர்த்தன. சமரசம் என்பது கெட்ட வார்த்தை அல்ல. எங்கள் ஜனங்களும் சமரசத்துக்கு வருகிறார்கள். நகையை அடகு வைத்து, பாதியோ முக்காலோ கட்டி முடிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பெயருக்கு எதிரே 'செட்டில்டு' என்று ஒரு வார்த்தை சிபில் ஏட்டில் ஏறும். அது ஒரு சூடு. அந்தச் சூட்டோடு அடுத்த கடனுக்கு எந்தக் கிளைக்குப் போனாலும் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

*

இது இன்று நேற்று வந்த அநீதி இல்லை. தாராளமயம் வந்தபோதே கொள்கையாக எழுதப்பட்டது. 1969-ல் 14 வங்கிகளும் 1980-ல் இன்னும் 6 வங்கிகளும் அரசுடைமை ஆன பிறகுதான் எங்கள் ஆயா வங்கி வாசற்படியை மிதித்தாள். 1972-ல் வந்த 4 சதவீத வட்டித் திட்டம், டி.ஆர்.ஐ. என்று பெயர், ஒவ்வொரு வங்கியும் முந்தைய ஆண்டுக் கடன்தொகையில் ஒரு சதவீதத்தைப் பரம ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், அதில் 40 சதவீதம் தலித், பழங்குடியினருக்கு என்று சொன்னது. நூறு ரூபாயில் ஒரு ரூபாய், அந்த ஒரு ரூபாயில் நமக்கு நாற்பது காசு.

அந்த நாற்பது காசு பொறுக்கவில்லை. 1991-ல் நரசிம்மம் குழு வந்தது. முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதக் கடன் என்பதை 10 சதவீதமாகக் குறை, அரசு சொல்லிக் கொடுக்கிற கடனால்தான் வங்கிகள் நொடிக்கின்றன என்கிற தொனியில் அறிக்கை கொடுத்தது. அதாவது எங்கள் ஆயாவின் எருமை வங்கியைத் தின்றுவிட்டது! அதே காலத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96-ல் 1,300 கோடிக்கும் மேல் நட்டம் காட்டியது. எருமைக் கடனிலா? பெரும்புள்ளிகளுக்கு அள்ளிவிட்ட கடனில். தலைவராக இருந்தவர் பின்னர் சி.பி.ஐ. வழக்குகளில் தண்டிக்கப்பட்டார். வங்கியைத் தூக்கி நிறுத்த அரசு தன் பணத்தைக் கொட்டியது. ஓட்டை மாடியில், பூச்சு வேலை சேரியில்.

கதை அப்படியே தொடர்ந்தது. 2017 அக்டோபரில் அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மூலதனம் என்று அறிவித்தார்கள். ஓட்டையை அடைக்க. அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற எல்லோருடைய பணம். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் டி.ஆர்.ஐ. என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ரயில்வே சமாச்சாரம் என்பார்கள்.

வரி போதாதென்று நேரடியாகவும் பிடுங்கினார்கள். என் கவுன்ட்டருக்கு ஒரு அக்கா வந்தாள். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்தவள். பாஸ்புக்கை நீட்டினாள்.

"இன்னாண்ணா, எரநூத்தி முப்பத்தாறு ரூவா கொறையுது?"

பார்த்தேன். குழுக் கடனுக்காக எப்போதோ தொடங்கிய சாதாரணச் சேமிப்புக் கணக்கு அது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 200 ரூபாய் அபராதம், அந்த அபராதத்துக்கு ஜி.எஸ்.டி. 36 ரூபாய். "நான் புடிக்கலக்கா, சிஸ்டம் புடிச்சிட்ச்சி" என்றேன். "யாரு அந்த சிஸ்டம்? கூப்புடு, நானே கேக்கறேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஏழையாக இருப்பதற்கு அபராதம், அந்த அபராதத்துக்கு வரி. ஒருநாள் கூலி போய்விட்டது.

எரநூறு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். இந்த அபராதத்தில் மட்டும் பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் 8,495 கோடி ரூபாய் வசூலித்திருக்கின்றன. இதுவும் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குதான். அதற்கு முன் 2017-ல் ஸ்டேட் வங்கி ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் இந்த வகையில் பிடித்தது 1,771 கோடி. அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அது காட்டிய நிகர லாபத்தைவிட அதிகம். 2020-ல் ஸ்டேட் வங்கியும், 2025-ல் வேறு சில அரசு வங்கிகளும் இந்த அபராதத்தை நிறுத்தின. நல்லது. பிடித்த பணம்? அது பிடித்ததுதான். மல்லையாக்கள் போட்ட ஓட்டையை அந்த அக்காவின் இருநூறு ரூபாய்களை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

*

இந்த அநியாயத்தை நியாயமாகக் காட்டுவதற்கு மொழி வேலை செய்கிறது. கவிதை எழுதுகிறவன் என்பதால் வார்த்தைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன். நமக்குக் கொடுத்தால் 'இலவசம்'. அவர்களுக்குக் கொடுத்தால் 'ஊக்குவிப்பு'. நாம் கட்டாவிட்டால் 'ஏமாற்று'. அவர்கள் கட்டாவிட்டால் 'சந்தைச் சூழல்'. நமக்குத் 'தள்ளுபடி', அவர்களுக்கு 'மறுசீரமைப்பு'. நம்மவன் 'பயனாளி', கைநீட்டுகிறவன். அவன் 'முதலீட்டாளர்', கைகொடுக்கிறவன்.

2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை 'ரேவ்டி' என்றார். வடக்கே எள்ளு மிட்டாய்க்கு அந்தப் பெயர். மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்குகிறார்களாம், நாட்டுக்குக் கேடாம். 2019 செப்டம்பர் 20-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக, புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 15 ஆகக் குறைத்தார்களே, அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே சொன்னாரே, அது என்ன மிட்டாய்? 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் நாடு முழுவதும் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. ஒரே நாளில் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2008-ல் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் திட்டம் போட்டார்கள். அரசுப் பணத்தில் பிழைத்த ஏ.ஐ.ஜி. இன்சூரன்ஸ் கம்பெனி அடுத்த ஆண்டே தன் அதிகாரிகளுக்கு 16 கோடி டாலருக்கு மேல் போனஸ் கொடுத்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாத ஏழைகள், அதில் கறுப்பர்கள் ஏராளம், தெருவுக்கு வந்தார்கள். அங்கே நிறம், இங்கே சாதி.

இங்கே இன்னொரு படி கீழே போனார்கள். நமக்கென்று ஒதுக்கியதையே எடுத்தார்கள். 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடத்த, தாழ்த்தப்பட்டோர் சிறப்புக்கூறு நிதியிலிருந்து 600 கோடிக்கும் மேல் திருப்பிவிட்டது டெல்லி அரசு. உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் விடுதிச் சோற்றில் மேம்பாலம் கட்டினால் அதற்கு என்ன பெயர்? எந்த அகராதியிலும் இல்லை.

*

இதுவரை சொன்னதற்குத் தோழர்கள் கைதட்டுவீர்கள். இனிச் சொல்வது நம் மேடைகளுக்கும் சேர்த்து.

'பெருமுதலாளிக்குத் தள்ளுபடி, விவசாயிக்கு இல்லையா?' என்று இடதுசாரித் தோழர்கள் கேட்கிறார்கள். நாமும் கூடச் சேர்ந்து கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் எங்கள் ஆயா இருக்கிறாளா? 2008-ல் மத்திய அரசு 60,000 கோடி விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தது. இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவருக்கு முழுத் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்கு நன்மை. எதிர்க்கவில்லை. ஆனால் பயிர்க்கடன் வாங்கப் பயிர் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும். நிலத்தில் நாற்று நடுகிறவளுக்கு எந்த வங்கியும் பயிர்க்கடன் கொடுத்ததில்லை. கொடுக்காத கடனை யார் தள்ளுபடி செய்வது?

அவளுக்குக் கடன் கொடுக்க வருகிறவன் வேறு. எங்களுக்கு ஆந்திரா தூரமில்லை, நகரி பஸ்ஸில் கொஞ்ச நேரம். 2010-ல் அந்தப் பக்கம் நுண்கடன் கம்பெனிகளின் வசூலுக்குப் பயந்து பெண்கள் செத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு நடுவில்தான் எஸ்.கே.எஸ். என்கிற நுண்கடன் கம்பெனி பங்குச் சந்தையில் ஆயிரத்து அறுநூறு கோடிக்கு மேல் திரட்டியிருந்தது. 2011-ல் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டிக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022-ல் உச்சவரம்பு முறையையே எடுத்துவிட்டது. பெரிய கம்பெனிக்கு எட்டோ ஒன்பதோ, கீரை விற்கிறவளுக்கு இருபதுக்கு மேல்.

இந்தக் கடனுக்கு ஈடு என்ன தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி. பத்துப் பெண்கள் சேர்ந்த குழு, ஒருத்தி கட்டாவிட்டால் ஒன்பது பேர் கட்ட வேண்டும். கட்டும்வரை குழுவே உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பெனிகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், 'லிமிடெட்' என்று போட்டிருக்கும். பொறுப்பு வரம்புக்குட்பட்டது என்று அர்த்தம். கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் வீட்டுக் கதவைக் கழற்ற முடியாது. எங்கள் பெண்களுக்கு அந்த வரம்பு கிடையாது. தன் கடன், தெருக் கடன் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

ஆக, மன்னிப்பு என்பது சொத்துள்ளவனுக்கு. அதிகச் சொத்துள்ளவனுக்கு அதிக மன்னிப்பு. கொஞ்சம் நிலமுள்ளவனுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் கொஞ்சம் மன்னிப்பு. ஒன்றுமில்லாதவனுக்கு அதுவுமில்லை. சொத்து என்பது இங்கே உழைப்பால் வந்ததல்ல, சாதியால் வந்தது. எனவே கடன் தள்ளுபடி வெறும் பொருளாதாரப் பிரச்சினை அல்ல. அது சாதிப் பிரச்சினை.

நிலத்தைப் பற்றிப் பேசுவதால் ஒரு பழைய பாக்கியை ஞாபகப்படுத்துகிறேன். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. மற்றவருக்கு விற்க முடியாது என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று எங்கே? யார் பட்டாவில்? 1994 அக்டோபர் 10-ல், காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இந்த நாட்டிலேயே பெரிய வாராக்கடன் எது என்று என்னைக் கேட்டால் வீடியோகான் என்று சொல்ல மாட்டேன், பஞ்சமி நிலம் என்பேன். கடன்காரன் அரசாங்கம். நூற்றிமுப்பது வருஷமாக வட்டியும் இல்லை முதலும் இல்லை. அந்தப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் நம் பெயரில் இருந்திருந்தால், எருமைக்கு வில்லை கேட்டவன் எங்கள் ஆயாவுக்கு நாற்காலி போட்டிருப்பான்.

*

கடைசியாக ஒரு வாதம். 'பெரிய கம்பெனி விழுந்தால் வங்கி விழும், வங்கி விழுந்தால் ஏழையின் சேமிப்பும் போகும், அதனால் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்' என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வங்கியைக் காப்பாற்றுங்கள். தொழிற்சாலையைக் காப்பாற்றுங்கள், அதில் நம் ஆட்களும் வேலை செய்கிறார்கள். முதலாளியை ஏன் காப்பாற்ற வேண்டும்? வீடு பற்றி எரிந்தால் வீட்டை அணைப்போம், கொளுத்தினவனுக்கு மாலை போட மாட்டோம். பொதுப் பணத்தில் பிழைக்கிற கம்பெனி பொதுச் சொத்தாகட்டும். நட்டத்தை மட்டும் அரசுடைமையாக்கி லாபத்தைத் தனியார்மயமாக்குகிற வித்தை என்ன பொருளாதாரம்?

நாம் கேட்பது பிச்சை அல்ல. எழுதித் தள்ளிய பெரிய கடன் ஒவ்வொன்றும், கம்பெனி பெயர், தொகை, வசூலானது எவ்வளவு என்று, எங்கள் கிளையில் ஏலநகைப் பட்டியல் ஒட்டுவதுபோல் ஒட்டப்பட வேண்டும். கூலியும் உதவித்தொகையும் வரும் கணக்கில் எந்தப் பிடித்தமும் கூடாது. டி.ஆர்.ஐ.யின் ஒரு சதவீதத்தை உண்மையிலேயே கொடு, இன்றைய விலைவாசிக்குத் தகுந்த தொகையாகக் கொடு. முதலாளிக்கு உள்ள சமரச விதி எதுவோ, காசு கட்டி முடித்த காலனிக்காரிக்கும் அதுவே இருக்கட்டும், சிபில் சூட்டை அழி. எல்லாவற்றுக்கும் மேல், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு. அது தள்ளுபடி இல்லை, பாக்கி வசூல்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் வங்கிக் கிளைக்குப் போங்கள். போன வருஷம் இந்தக் கிளையில் டி.ஆர்.ஐ. கடன் எத்தனை பேருக்கு? 2016-ல் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியாவில் கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடிக்காவது 10 லட்சத்துக்கு மேல் கடன் என்றார்களே, அந்த ஒருவர் இந்தக் கிளையில் கிடைத்தாரா? தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள், கிளை கிளையாக அச்சடிப்போம். உள்ளே உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல நெளிவோம். நெளியட்டும். இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்துவிட்டு 'சிஸ்டம் புடிச்சிட்ச்சி' என்று சொன்ன வாய் இது. அந்த அக்காவுக்கு நான் இன்னும் பதில் பாக்கி.

மலைக்கு வருகிற ஜனம் தலைமுடியைக் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு இறங்குகிறது. கொடுத்தது போதும். இனி தலை நம்முடையது. கத்தி யார் கையில் என்று கேட்போம்.